வெறும் பாறை என்று எழுதியிருந்தேன்

ஆமாம், அந்த வரி என்னுடையதுதான். "தீ மூட்டியே ஆகவேண்டும் என்றால் புல்லிலோ மண்ணிலோ வேண்டாம். உச்சியில் வெறும் பாறை இருக்கிறது, அதன்மேல் மூட்டுங்கள்." அக்டோபரில் இதே வலைப்பூவில் எழுதினேன். அந்தப் பதிவை ஏன் காணவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நீக்கியதும் நான்தான்.

ஜனவரி, மூன்றாம் வாரம். வியாழக்கிழமை மதியம் ஸ்டெல்லா அக்கா போனில் கூப்பிட்டார். வித்துராவுக்கு அப்பால் நாங்கள் கயிறு கட்டி ஏறும் பாறை அவருடைய நிலத்தில் இருக்கிறது. கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மரச்சீனி, நடுவே இருபத்திரண்டு மீட்டர் உயரக் கரும்பாறை. குலசேகரம் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம். செப்டம்பரில் நான் அனுமதி கேட்டபோது, "ஏறுங்க. விழுந்தா எனக்க மேல பழி போடப்பிடாது" என்று மட்டும் சொன்னவர்.

இப்போது கேட்டார்: "பாறைக்கு மேல தீ போட்டது ஆரு பிள்ளே? நாளைக்கு கெழங்கு பிடுங்க ஆள் சொல்லியாச்சு. ஞாயிறு அவிக்கணும். நான் எங்க கொண்டு விரிக்க?"

மரவள்ளிக் கிழங்கைத்தான் இந்தப் பக்கம் மரச்சீனி என்கிறோம். தோலுரித்து, வில்லை வில்லையாக அரிந்து, அவித்து, வெயிலில் காயவைத்தால் ஒரு வருடம் கெடாது. பிடுங்கியதை அப்படியே வைத்தால் மூன்றாம் நாள் உள்ளே நீலம் ஓடிவிடும். பிடுங்காமல் விட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். ஸ்டெல்லா அக்காவின் வீட்டில் காயவைக்கும் இடம் அந்தப் பாறையின் உச்சி. எனக்கு அது தெரியாது. செப்டம்பரில் நான் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. எதுவும் இல்லாத இடம் யாருக்கும் இல்லாத இடம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்து நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். தேங்காய் நார் பிரஷ் ஆறு, கரி சுரண்ட ஹேக்ஸா பிளேடு இரண்டு. சோப்பு வாங்கவில்லை, உணவு விரிக்கும் இடம். கடைக்காரர் திசையன்விளைக்காரர்.

"ஆறு பிரஷ் எதுக்கும்மா?"

"பாறை தேய்க்க."

"வீட்டுல பாத்திரம்லாம் தேய்ச்சு முடிச்சாச்சாக்கும்" என்றபடி கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை 5.50க்குத் தம்பானூரில் பேருந்து. நெடுமங்காடு வழியாக வித்துராவுக்கு 37 கிலோமீட்டர், நாற்பத்து நான்கு ரூபாய். நெடுமங்காட்டில் ஷிஜு ஏறிக்கொண்டான். என்னோடு ஏறுபவன், நான் ஏறும்போது கயிறு பிடிப்பவன். அவனுடைய தமிழ் பாதி என்னிடமும் பாதி ஸ்டெல்லா அக்காவிடமும் கற்றது. டிரில், பேட்டரி, சுத்தியல், கயிறு மாட்டப் பாறையில் அடிக்கும் போல்ட் ஆணிகள் எல்லாம் வழக்கம்போல அவன் பையில். 7.25க்கு வித்துரா. சந்தை முக்கில் தோசை, கட்டன் சாயா. அங்கிருந்து ஆட்டோவில் ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்.

ஓட்டுநர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர். கண்ணாடியில் கயிற்றைப் பார்த்தார். "பாறையைக் கட்டிப் பிடிச்சுட்டு வர்றதுக்கா இருநூறு ரூவா குடுத்துப் போறீக?"

அடிக்கடி யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் பன்னெண்டு பேரு. நல்ல புள்ளைக. காலித் தண்ணி பாட்டிலக்கூட என் வண்டியில போடல, பையில வச்சுக்கிட்டாக."

அந்தப் பன்னிரண்டு பேரும் என் பதிவைப் படித்துவிட்டு வந்தவர்கள். வந்தபின் எனக்கு நன்றி எழுதியிருந்தார்கள். சாம்பலைக்கூட அள்ளி எடுத்து வந்தோம், புல்லில் ஒரு பொறிகூட விழவில்லை என்று. நான் சொன்னதை அப்படியே செய்தவர்கள்.

ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து ரப்பர் மரங்களுக்குள் 600 மீட்டர் நடை. வீட்டு முற்றத்தில் கிழங்கு மலைபோல் கிடந்தது. மண் இன்னும் ஈரம். ஸ்டெல்லா அக்கா கூட்டும் வாரியலோடு உச்சியில் நின்றிருந்தார்.

பின்பக்கச் சரிவில் நடந்தே மேலே போனோம். உச்சி முப்பதடிக்கு முப்பதடி. லேசான சரிவு. நடுவில் ஐந்தடி அகலத்துக்குக் கறுப்பு வட்டம்.

வேலை எளிது என்றுதான் நினைத்தோம். கிணற்றிலிருந்து பதினெட்டு வாளித் தண்ணீர் சுமந்தோம். பத்தரை மணிக்குள் கரி பெரும்பாலும் போய்விட்டது. ஷிஜு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "செரி. இனி ரெண்டு ஏற்றம் ஏறலாமல்லே?"

அப்போது என் உள்ளங்கையில் ஏதோ குத்தியது. அப்பளத் துண்டு போல ஒரு கல் செதில். விரலால் நெம்பினால் பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

ஏறுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிடியை நம்புவதற்கு முன் தட்டிப் பார்ப்போம். நல்ல பாறை கல்லாகவே ஒலிக்கும். தோல் விட்ட பாறை காலிப் பெட்டி போல ஒலிக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். காலியாக ஒலித்த இடமெல்லாம் கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியால் கோடு போட்டேன். கோடு கறுப்பு இருந்த இடத்தைத் தாண்டி வெளியே போய்க்கொண்டே இருந்தது.

ஸ்டெல்லா அக்கா பாதத்தால் அளந்தார். "ஒம்பதடி."

"செத்திக் களையலாம் அக்கா," என்றான் ஷிஜு. "உளி உண்டு."

"செத்தினா குழியாவும். குழியில கெடக்கறத வாரி எடுக்கப் பற்றாது. பொடிக்கல்லும் சேந்து வரும். பல்லுல ஒரு கல்லு கடிச்சா வியாவாரி சாக்க அப்படியே திருப்பி விடுவான்." குரலில் கோபம் இல்லை. சுற்றிலும் ஓரடி விட்டு வாரியல் குச்சியால் பெரிய சதுரம் ஒன்று காட்டினார். "இவ்வளவும் போச்சு."

இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். பாறைமேல் தீ போடச் சொன்னது நான்தான், பழி அவர்கள்மேல் இல்லை.

வாரியலைத் தாழ்த்தினார். "நீயா?"

"மண்ணுல போட்டா வேர் எரியும், காடு பிடிச்சுக்கும்னு படிச்சிருந்தேன் அக்கா. பாறைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா? பத்து மைல் தள்ளி கல்லு உடைக்கவன்கூடச் சொல்லுவான், தீ போட்டா பாறை தோலு விடும்னு. படிச்ச பிள்ளைக்கு வாய் இல்லாமப் போச்சு."

போன இடத்தில் உன் தடம் எதையும் விட்டுவைக்காதே என்று ஒரு சட்டம் எனக்குள் இருக்கிறது. எங்கோ, வேறு எந்த மலைக்காகவோ எழுதப்பட்ட சட்டம். அதை அப்படியே தூக்கி வந்து இங்கே வைத்தேன். மிஞ்சியது, ஒரு மிட்டாய்த் தாள்கூட விழாத பாழ்.

மறுபடி தட்டிக்கொண்டே விளிம்பு வரை போனேன். விளிம்பை ஒட்டி நாலடி அகலத்துக்கு நல்ல கல். சுத்தமாக ஒலித்தது. இங்கே விரிக்கலாமே என்றேன்.

"அது உங்களுக்குன்னு விட்டதுல்லா" என்றார். "கயிறு கட்டணும், வந்து நிக்கணும். மேல ஏறி வாற பிள்ளைக அங்கதானே காலு வச்சு சவுட்டுவினும். போன வருசம் அங்கேயும் விரிச்சேன். இந்த வருசம் வேண்டாம்னு வச்சிருந்தேன்."

என்னிடம் சொல்லாமல், நான் கேட்காமல், முப்பதடி நீளம் எங்களுக்காக ஒதுக்கியிருந்தார்.

எங்கள் ஏற்றம் முடியும் இடம் அந்த விளிம்புதான். பாறை முகத்தில் கடைசி ஐந்தடி பிடியே கிடையாது. இரு உள்ளங்கைகளையும் விளிம்பில் ஊன்றி, உடம்பை மேலே தள்ளி, ஒரு காலைத் தூக்கி வைத்து எழ வேண்டும். எழுந்தால் திடீரென்று வெளி. பொன்முடிப் பக்கத்து மலைகள் முழுக்க எதிரே. இந்த வழியில் முதலில் ஏறியவள் நான். அந்த ஒரு அசைவுக்காகத்தான் மாதம் இரண்டு முறை இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொன்னால் அது பொய் இல்லை.

"போல்ட்டைக் கீழே இறக்கிடலாம்," என்றேன். "விளிம்புக்கு ஆறடி கீழே. அங்கேயே முடிச்சுட்டு இறங்கிடலாம். யாரும் மேல வர வேண்டாம்."

ஷிஜு வாளியைக் கீழே வைத்தான். "எடீ, மேல வந்து நிக்காத்தது என்ன ஏற்றம்? கல்யாணச் சத்யைக்கு இருந்துட்டு பாயசத்துக்கு முந்தி எழுந்த மாதிரி."

"பாயசம் வேணும்னா வீட்டுக்கு வா, நான் தாறேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அவன் சிரித்தான், ஆனால் விடவில்லை. கிழங்கு காய்கிற மூணு மாசம் மட்டும் ஏறாமல் இருக்கலாமே, போல்ட் அங்கேயே இருக்கட்டுமே என்றான். நியாயமான யோசனை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போல்ட் இருக்கிற இடத்துக்கு ஆள் வரும். யார், எந்த மாதம் என்று ஆணிக்குத் தெரியாது. ஷூ மண், வெள்ளைப் பொடி, அடுத்த கூடாரம். இறக்கலாமா என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"உனக்கு வெசனம் வராதா?"

"வரும்."

"செரி. செய்."

உச்சியில் இருந்த இரண்டு போல்ட்டுகளையும் அதே ஹேக்ஸா பிளேடால் பாறை மட்டத்துக்கு அறுத்தெடுத்தோம். நாற்பது நிமிடம். பிறகு நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு, விளிம்புக்கு ஆறடி கீழே தட்டித் தட்டி நல்ல கல் தேடி இரண்டு புதிய போல்ட் அடித்தேன். ஷிஜு கீழிருந்து ஏறி வந்து அங்கே நின்றான். எதிரே பாறை. பின்னால் ரப்பர் இலைகள். "மோசமில்ல" என்றான். மோசம்தான்.

போக நினைப்பவர்களுக்கு. இடத்தின் பெயரை எழுதவில்லை. ஸ்டெல்லா அக்கா வேண்டாம் என்றார். வர விரும்பினால் எனக்கு எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றம் இல்லை, மழைக்காலத்திலும் இல்லை. மார்ச், ஏப்ரல் காலை பத்து மணிக்குள் நல்லது, அதற்கு மேல் கல் சுடும். ஏற்றம் புதிய போல்ட்டில் முடிகிறது. உச்சிக்கு எந்த வழியாகவும் போக வேண்டாம். கூடாரம் ரப்பர் தோட்டத்தின் கீழ்மேட்டில், ஒரு இரவுக்கு மூன்று கூடாரம் வரை. தீ எங்குமே வேண்டாம், சிறிய கேஸ் அடுப்பு கொண்டு வாருங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், அங்கே குளிக்கக் கூடாது. வித்துராவிலிருந்து திரும்பக் கடைசிப் பேருந்து என்று யார் சொன்ன நேரத்தையும் நம்பாமல் ஐந்து மணிக்குள் சந்தை முக்கில் இருங்கள்.

இது எல்லாம் இந்தப் பாறைக்கு மட்டும். இன்னொரு பாறையில் வேறாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டு அங்கே போய், இங்கே எழுதியிருந்தது என்று சொல்லாதீர்கள். அங்கே இருப்பவரைக் கேளுங்கள்.

அன்று இரவு ஸ்டெல்லா அக்காவின் வீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏறவில்லை. காலை எட்டரைக்கு முதல் அண்டா இறங்கியது. நீரை வடித்து, ஆவி பறக்கும் வில்லைகளைக் கூடையில் அள்ளினோம். நான் ஒரு கூடையைத் தலையில் வைத்துப் பாறை உச்சிக்குக் கொண்டுபோய், செருப்பைக் கழற்றிவிட்டு, விளிம்பிலிருந்து விரிக்கத் தொடங்கினேன்.