அறுபத்து மூன்று சதவீதம்

வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பெயர். புவியியல் ஆசிரியை செல்லமாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டும் வண்டி ஏன் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதையே அந்த வருட ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டாள். பதினொரு நாள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கைக்கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எந்தச் சிக்னல் கழுத்தறுத்தது என்று ஒன்றுவிடாமல் குறித்தாள்.

"என் மானத்தை வாங்கவே பொறந்திருக்கே" என்று சிரித்தார் அப்பா.

அந்த வருடம்தான் பள்ளிக்குப் புதிய மென்பொருள் வந்தது. அடுத்தவர் எழுத்தோடு இருபது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் மதிப்பெண் பூஜ்யம். பிள்ளைகள் அரண்டுபோனார்கள். பாடப்புத்தகச் சொல்லை எழுதினாலே சிவப்புக் கோடு விழுகிறதாம்.

"மழை மேலேர்ந்து பெய்யுதுன்னு எழுதினாக்கூடப் பிடிக்குமாம்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். எல்லோரையும்விட வாயாடிதான் அதிகம் சிரித்தாள். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம்?

அவளுக்கு வந்தது அறுபத்து மூன்று.

"யாரோட கட்டுரைன்னு காட்டுதா டீச்சர்?"

"இல்லம்மா. வேறொரு மாணவர்னு மட்டும் போட்டிருக்கு." புவியியல் ஆசிரியை அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகும் வழியில் சீருடையோடு தலைமையாசிரியை அறைக்கு வந்தார். "மேடம், இவ என் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்து எழுதினா. நானே சாட்சி."

"பெத்தவர் சாட்சி சொன்னா எடுபடுமா? உங்களுக்காக விதியை வளைச்சா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

அவர் தொப்பியைக் கையில் பிசைந்தபடி வெளியே வந்தார். அன்று வண்டி வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிளம்பியது.

வகுப்பில் யாரும் நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்காரும் தோழி, கணக்குப் போடும்போது நோட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாயாடி வாயே திறக்கவில்லை.

புவியியல் ஆசிரியைக்கும் மனசு கேட்கவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆசிரியையே சொன்னதால், கட்டுரை கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு எல்லோரும் முதல் வரைவை அதில் ஏற்றியிருந்தார்கள். இவளுடையது மட்டும் பெயரில்லாமல் பதிவாகி, வேறொரு மாணவருடையதாகக் கணக்கில் வந்திருந்தது. அவளது கட்டுரை ஒத்துப்போனது அவளது வரைவோடுதான்!

ஆசிரியை வகுப்பின் முன்னால் நின்று, "தப்பு எங்களோடது. இவ மேல ஒரு குத்தமும் இல்லை" என்றார். இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண் கிடைத்தது. தோழி அழுதாள். வாயாடி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த மாதம் வரலாற்றுக் கட்டுரை. சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு வரி எழுதுவதும் அடிப்பதுமாக இருந்ததை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா அடிக்கிறே? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருந்தா வேற யாராவது எழுதியிருப்பாங்கப்பா."

அவள் அதே வரியை மூன்றாம் முறையாக, இன்னும் கொஞ்சம் மோசமாக எழுதினாள்.