சங்கு ஊதினால் இறங்கிவிட வேண்டும்

போன வாரம் மணிமங்கலத்தில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் தங்கைக்கு. எங்களை அழைத்துப்போக ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனை குப்பென்று அடித்தது. ஒரு காலத்தில் கம்பெனி பஸ்ஸாக ஓடிய வண்டி, புதுப் பெயிண்ட் அடித்துக் கல்யாணத்துக்கு விட்டிருக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் "இன்னா நாத்தம்பா இது" என்று ஜன்னலைத் திறந்தார். எனக்கோ அது பள்ளிக்கூட வாசனை. சொன்னால் சிரிப்பீர்கள்.

பல வருடத்துக்கு முன்பு, நான் தென்காசிப் பக்கமிருந்து டிப்ளமோவை முடித்துக்கொண்டு ஒரகடத்துக்கு ட்ரெய்னியாக வந்த புதிது. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பெண்கள். வார்டன் அம்மா லேசில் வெளியே விடமாட்டார். தெருவில் திரியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி ஒரு சின்னத் தொண்டு அமைப்பு வந்தபோது, 'சேவை' என்ற சொல்லுக்கு மட்டும் வார்டன் மனம் இளகுவதைக் கவனித்தேன். உடனே கை தூக்கிவிட்டேன். இரக்கம் பொங்கியது என்று இன்று கதை விடலாம். உண்மையில் எனக்கு வெளியே போய் ஒரு தட்டு பானிபூரி தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டுரோட்டுப் பக்கம் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள், மொத்தம் பதினோரு பேர். கம்பெனி மதில்களை ஒட்டி நடந்து அட்டையும் பிளாஸ்டிக் பட்டையும் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவார்கள். சிக்னலில் பேனா விற்பார்கள். அமைப்பிடம் சிலேட்டு இருந்தது, நோட்டு இருந்தது, உட்கார இடம்தான் இல்லை. ரோட்டோர மரத்தடியில் உட்கார வைத்தோம். லாரி ஒன்று போனால் 'அ'வும் தெரியாது, 'ஆ'வும் தெரியாது, புழுதி மட்டும்தான்.

எதிரே ஒரு காலி மனையில் தினமும் ஒரு கம்பெனி பஸ் நிற்கும். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மறுபடி சாயந்திரம் ஐந்தரை மணிக் கம்பெனிச் சங்குக்குத்தான் அதற்கு வேலை. டிரைவர் ஏழுமலை அண்ணன் உள்ளே படுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்காமல் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, புள்ளைங்க புழுதிய துன்னுகினு எய்துதுங்க. எல்லாத்தியும் உள்ள ஏத்து. வண்டி சொம்மாத்தான கீது."

"ஓனருக்குத் தெரிஞ்சா உங்களைத் திட்ட மாட்டாராண்ணே?"

"திட்டமாட்டான், தூக்கிடுவான். நீ ஏத்தும்மா."

அன்றிலிருந்து பஸ்தான் பள்ளிக்கூடம். எனக்கு முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடித்து, மூன்று மணிக்கு யூனிஃபார்மோடு வந்துவிடுவேன். புதிதாக வருபவர்களுக்குக் கடைசி சீட்டு. எழுத்து தெரியத் தெரிய ஒவ்வொரு வரிசையாக முன்னால் வரலாம். டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டு, பேப்பரை எழுத்துக்கூட்டாமல் படிப்பவர்களுக்கு. பவானி மூன்றே மாதத்தில் அங்கே வந்து உட்கார்ந்தாள். பத்து வயதிருக்கும், சரியாக அவளுக்கே தெரியாது. என் தென்காசிப் பேச்சு தொற்றிக்கொண்டு அந்தப் பொம்பளைப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி "ஏட்டி" என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் நான் செய்த முதல் சாதனை.

ஒருநாள் ஒரு பொடியன் சீட்டுக்கடியில் தூங்கிப்போய், சங்கு ஊதி, பஸ்ஸோடு கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டான். செக்யூரிட்டிக்காரர்கள் ஏழுமலை அண்ணனை அரை மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகு சட்டம் போட்டேன். சங்கு ஊதினால் பாதி எழுத்தில் இருந்தாலும் பையை எடுக்க வேண்டும், இறங்க வேண்டும், ரோட்டோரம் வரிசையில் நிற்க வேண்டும். பவானி தலை எண்ணுவாள். லைனில் சூப்பர்வைசர் என்னைப் படுத்திய பாட்டையெல்லாம் அந்தப் பிள்ளைகள் மேல் இறக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் பஸ் காலி. ஹாஸ்டலில் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

ஜூன் மாதம் பவானி உட்பட நான்கு பேரைப் பக்கத்திலிருந்த பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனோம். தலைமையாசிரியை தயங்கினார். இப்படிச் சேர்ந்த பிள்ளைகள் பத்து நாளில் காணாமல் போன அனுபவம் அவருக்கு இருந்தது. "ஒரு வாரம் உக்காரட்டும், பாத்துட்டுச் சேக்கறேன்" என்றார். பவானியின் அப்பா அதற்குள் குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். "ஸ்கூல்ல சேத்துக்கினா வுட்டுட்டுப் போறேம்மா. இல்லன்னா வெள்ளிக்கெயம இட்டுகினு போய்டுவேன்" என்றார். சூளைக்குப் போனால் அவள் கல் சுமப்பாள், வேறென்ன.

திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்து மணி அடித்தது. நான்கு பேரும் பையை எடுத்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் வகுப்பைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் ஷிஃப்ட் முடிந்து செய்தி கேட்டு ஓடினேன்.

"இதுக்குத்தாம்மா பயந்தேன். மொதல் நாளே ஓடறாங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

தலைமையாசிரியை கேட்டது என்னை. பவானிதான் பேசினாள். "ஓடல மிஸ். மணி அட்ச்சா எறங்கணும்ல. வண்டி உள்ள போவணும்."

"எந்த வண்டி?"

மறுநாள் நான்கரை மணிக்குத் தலைமையாசிரியை குடையும் கைப்பையுமாகப் பஸ்ஸுக்குள் ஏறினார். நடு சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. பிள்ளைகள் மளமளவென்று இறங்கினார்கள். இவர் அசையவில்லை. பவானி படியில் நின்று கூப்பிட்டாள்: "மிஸ், நீங்களும் எறங்கணும்."

அவரும் இறங்கினார். வரிசையின் கடைசியில் நின்றார். பவானி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, அவர் குடையையும் தொட்டு, "பன்னெண்டு" என்றாள். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். "இவ்ளோ ஒழுங்கா எறங்கத் தெரிஞ்சதுங்களுக்கு உக்காரக் கத்துக்குடுக்கறதா கஷ்டம்?" என்றார். மறுநாள் காலையே நான்கு பெயரும் பதிவேட்டில் ஏறின. வெள்ளிக்கிழமை பவானியை அமைப்பு ஏற்பாடு செய்த விடுதியில் விட்டுவிட்டு அவள் அப்பா சூளைக்குப் போனார். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போடு வந்து பார்ப்பார்.

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதையும் நானா செய்தேன்? வேலை போனாலும் போகட்டும் என்று கதவைத் திறந்துவிட்ட ஒரு டிரைவரும், ரோட்டில் வரிசையில் நிற்க வெட்கப்படாத ஒரு டீச்சரும் செய்தார்கள். அவர்களை எனக்குக் காட்டிய அந்த ஊருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் அந்தக் காலி மனையில் வேலி போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய குடோன். பஸ்களில் ஜிபிஎஸ் வந்துவிட்டது, நினைத்த இடத்தில் எந்த வண்டியும் நிற்பதில்லை. ஏழுமலை அண்ணன் வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி, அவருடைய நம்பர் உபயோகத்தில் இல்லை. தார்ப்பாய்க் கூடாரங்களும் இல்லை.

கல்யாணத்திலிருந்து வந்ததும் பவானிக்குப் போன் செய்தேன். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பழைய கதையெல்லாம் பேசிச் சிரித்தோம். வைக்கும்போது கேட்டாள்: "நாங்க நாலு பேரு தப்பிச்சிட்டோம்க்கா. வேலி போட்டப்ப காலி பண்ணிகினு போச்சே, மத்த ஏழு பேரு, அதுங்க எங்க கீதுங்கன்னு ஒனக்கு எதுனா தெரியுமா?"

அந்த ஏழு பேரின் பெயரையும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.