அலுமாரிக்கு வைத்த பொட்டு

இறந்தவர் வீட்டுக்குப் போனால் முதலில் லாச்சிகளைத்தான் இழுத்துப் பார்ப்பேன். ஒரு தளபாடத்தின் தரம் முகப்பில் தெரியாது. லாச்சி ஓடுகிற விதத்திலும் அதன் மூலைப் பொருத்திலும்தான் தெரியும். ஆனால் எந்த லாச்சியும் வெறுமையாக இருப்பதில்லை. கழன்ற பொத்தான்கள், பாதி எரிந்த பிறந்தநாள் மெழுகுதிரிகள், திரும்பப் பாவிக்கலாம் என்று சுருட்டி வைத்த பரிசுப்பொதி நாடா, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு திறப்பு. இங்கே சுவிஸில் ஒரு வயோதிபர் இறந்தால் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை கூடி, வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை அகற்ற என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்த கதிரை, மேசை, அலுமாரிகளை நான் பிரித்தெடுப்பேன். திரிம்பாக் என்ற ஊரில் ஒரு பழைய கார் திருத்தகத்தை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே அவற்றைத் திருத்தி விற்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். பேர்னில் கலை வரலாறு படித்தேன். அம்மா வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை, அப்பா உணவகச் சமையலறையில். நான் ஒரு கந்தோரில், ஒரு கணினிக்கு முன்னால் இருப்பேன் என்றுதான் இருவரும் நம்பினார்கள். அம்மா தூனில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வா, "என்னத்தை அக்கா சொல்ல. இவ்வளவு படிச்சுப்போட்டுச் செத்த வீட்டுச் சாமான் காவித் திரியிறான்."

அந்தச் சாமான் எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வேலை முடிந்து வந்தால் கீழ்த்தளத்தில், எல்லா வீட்டுக்காரரும் முறை வைத்து உடுப்புத் தோய்க்கும் அறையில், உடுப்பை மாற்றிவிட்டுத்தான் மேலே வரவேண்டும்.

"இஞ்சரும், இண்டைக்கு எங்கட தோய்க்கிற நாளில்லை," என்று அப்பா சொல்வார். "பெடியன் அங்க களிசானைக் கழட்டிக்கொண்டு நிக்க ரெண்டாம் மாடி மனுசி வந்தாளெண்டா, எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவாள்."

"எழுப்பினா எழுப்பட்டும். செத்த வீட்டுத் துடக்கோட உள்ளுக்கை வரேலாது."

அது துடக்குத் தீட்டு மட்டும் இல்லை. எங்கள் மூவருக்கும் அது தெரியும். வாசலில் சப்பாத்துத் தட்டுக்கு மேலே மாமாவின் படம் தொங்கியது. அம்மாவுக்கு ஒரே தம்பி. படத்தில் அவருக்கு முப்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டையில், படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னதால் சிரித்த சிரிப்பு. 2009 இன் தொடக்கத்தில், இறுதிப்போர் நடந்த வன்னியிலிருந்து ஒரு தடவை தொலைபேசி எடுத்தார். "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில். வீட்டில் தொலைக்காட்சி அணையாமல் ஓடியது. அதன் முன்னால் அம்மா வேலைக்குப் போகும் சட்டையோடேயே இருந்தா.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவர் போய்விட்டால் அவருடைய படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம், மாலை போடுவோம். மாமாவின் படத்துக்கு அம்மா எதுவும் வைக்கவில்லை. மாமாவைப் பற்றி யாரும் 'இருந்தான்' என்று சொன்னால், "இருக்கிறான்" என்று திருத்துவா. பெரியம்மா வரும்போதெல்லாம் அந்தக் கதை வரும்.

"எனக்கும் அவன் தம்பிதான். ஒருக்கா ஐயரைக் கேட்டு ஒரு நாளைப் பாத்துச் செய்ய வேண்டியதைச் செய்வம். அந்தரிச்சுக்கொண்டு திரியும் அந்தச் சீவன்."

"நீ கண்டனியோ?"

"காணேல்லை. ஆனா—"

"காணாட்டிக் கதையாத."

பெரியம்மா தேநீரைக் குடிக்காமல் தூனுக்கு ரயில் ஏறிய நாட்களும் உண்டு.

தொழில் தொடங்கிய மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, தூன் ஏரிக்கு மேலே இருந்த ஒரு வீட்டில் அந்த அலுமாரி கிடைத்தது. நீளமாக, இடுப்பளவு உயரத்தில், மெல்லிய சாய்ந்த கால்களில் நின்றது. நடுவே இரண்டு கதவுகள், இரு பக்கமும் லாச்சிகள். மேலே பல தடவை பூசி மஞ்சளாகிப்போன வார்னிஷ். ஓரத்தில் ஒரு துளி சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பால் போல வெளுத்த மேப்பிள் மரம். வீட்டுக்காரக் கிழவர் இறந்து ஒரு மாதம். மனைவி அவருக்கு முன்னமே போய்விட்டார். ஆனால் மனைவியின் குளிர்கால மேலங்கி இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. மகளுக்கு ஐம்பது வயது இருக்கும். சுறுசுறுப்பாக, ஒரு துளி கண்ணீர் இல்லாமல், எது குப்பைக்கு, எது எனக்கு என்று காட்டிக்கொண்டு வந்தார். அந்த அலுமாரியைத் தூக்குவதற்காக லாச்சிகளைக் கழற்றியபோது ஒன்றைக் கையில் வாங்கினார். முகத்தை உள்ளே வைத்து மணந்தார். பிறகு லாச்சியை மடியில் வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் என்னோடு வந்தவரும் வானுக்குப் போய்க் காத்திருந்தோம்.

அந்த அலுமாரியில் குளிர்காலம் முழுவதும் வேலை செய்தேன். மேலே தெரிகிற மேப்பிள் முழுப் பலகை அல்ல, வெனீர். சாதாரண மரத்தின் மேல் ஒட்டிய மரத்தோல், ஒரு தபாலட்டையின் தடிப்புக்கூட வராது. மெசினைப் போட்டுத் தேய்த்தால் ஒரு கணத்தில் கீழ்மரம் தெரிந்துவிடும், பிறகு மருந்தில்லை. அதனால் கையால், தகடு பிடித்து, பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தேன். பிரெஞ்சு பேசும் நொஷாட்டலிலிருந்து ஓர் இளம் தம்பதி கோடையில் வந்து பார்த்து, வாங்குவதாகச் சொன்னார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் உடுப்பு வைப்பதற்காம். அவர்களுக்கு வார்னிஷ் வேண்டாம். சவர்க்காரத் தூளை வெந்நீரில் கரைத்துப் பூசும் பழைய முறை போதும், மரம் மரமாகத் தெரியவேண்டும் என்றார்கள். வேறு வேலைகள் குறுக்கே வந்ததால் கடைசிப் பூச்சு மட்டும் இலையுதிர்காலம் வரைக்கும் இழுபட்டது.

அந்த நாட்களில் உளி வழுக்கி என் இடது உள்ளங்கையில் ஏறியது. தையல் போட்டார்கள். அம்மா கட்டுப்போட்ட கையைப் பிடித்துப் பார்த்தா.

"தொழில் செய்யிற இடத்தில ஒரு பொட்டுக்கூட வைக்கேல்லையோ நீ?"

"ஆருக்கம்மா? அங்க சாமிப்படம் ஒண்டும் இல்லை."

"ஆயுதங்களுக்கடா, மடையா. சரஸ்வதி பூசை வருது. நான் வாறன்."

என் பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா, வேலையிடத்தில் விடுமுறை கேட்டு, சேலை உடுத்து, அப்பாவின் காரில் வந்து இறங்கினா. கையில் வெள்ளிக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றா. உள்ளே அவ்வளவும் செத்தவர்களின் சாமான். பிறகு வலது காலை எடுத்து வைத்தா. மரம் அரியும் வாளுக்குப் பொட்டு வைத்தா, சீவுளிக்கு வைத்தா. என்னைக் குத்திய உளிக்குச் சற்றுப் பெரிய பொட்டு வைத்தா.

"அதுக்கு ஏன் மேலதிகமா? கடிச்ச நாய்க்குப் பிஸ்கட் குடுக்கிற மாதிரி," என்றார் அப்பா.

நானும் அப்பாவும் வானிலிருந்து ஒரு மேசையை இறக்கிக்கொண்டு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தா. மேப்பிள் அலுமாரியின் வலப்பக்கக் கதவில், பளிச்சென்று தெரியும்படி, சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பூச்சு ஏதுமில்லாத வெறும் மரம். பன்னீரோடு நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்த் துணியால் ஒற்றினேன். சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், பொட்டைச் சுற்றி இளஞ்சிவப்பாய் ஒரு வளையம் பரவியது.

"என்னடா?" என்றா அம்மா.

"ஒண்டுமில்லை அம்மா. இது இன்னும் பூச்சுப் பூசாதது. அதான்."

"விடு, எனக்கு உது தெரியும். எத்தினை கறை எடுத்திருக்கிறன்." கை கழுவும் தொட்டியடியில் இருந்த, மண்போல உரசும் வெள்ளைக் கிறீமை எடுத்து, நான் தடுப்பதற்குள் தேய்த்துவிட்டா. இல்லத்தில் குளியலறைகளைத் தேய்க்கும் அதே வேகம். குங்குமம் இருந்தபடியே இருந்தது. அதைச் சுற்றிச் சாசர் அளவுக்கு மரம் சொரசொரத்து வெளிறியது. அம்மாவின் கை நின்றது. கிறீம் அப்பிய துணியை மடித்து, இன்னொரு தடவை மடித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தா.

நொஷாட்டல்காரர் வந்து பார்த்தார்கள். ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் "அழகான வழக்கம்" என்றார். கணவர் குனிந்து பார்த்தார். இருவரும் பிரெஞ்சில் மெதுவாகக் கதைத்தார்கள். "மிகவும் அழகான வழக்கம்," என்று அந்தப் பெண் திரும்பச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. வெறும் வானோடு திரும்பிப் போனார்கள்.

கறை தெரியும்படி படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தில் மறுபடியும் போட்டேன். வந்த கேள்விகள் ஒன்றிரண்டுதான். அதில் ஒருவர், "இது இரத்தமா?" என்று கேட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அம்மா குசினிக்குள் நிற்கிறா என்று நினைத்தேன்.

"வீட்டை கொண்டுவா அதை," என்று எனக்குப் பின்னால் குரல் வந்தது.

அப்பா நிமிர்ந்தார். "செத்த வீட்டுச் சாமான் எண்டு நீர்தானே—"

"பொட்டு வைச்சாச்சு. பொட்டு வைச்சதை ரோட்டில விடேலாது. கொண்டுவாடா."

அடுத்த நாளே நானும் அப்பாவும் தூக்கி வந்தோம். அம்மா ஒவ்வொரு லாச்சியையும் இழுத்து, துடைத்து, கற்பூர வில்லை போட்டா. பிறகு, யாருடையது என்று கேட்டா. நான் கிழவரைப் பற்றியும், கதவுக்குப் பின்னால் தொங்கிய மேலங்கியைப் பற்றியும், லாச்சியை மணந்த மகளைப் பற்றியும் சொன்னேன்.

"அழுதவவோ?"

"ஓம். நிலத்தில குந்தியிருந்து."

அம்மா லாச்சியை மெதுவாக உள்ளே தள்ளினா. "அவைக்கு மணந்து பாக்க ஒரு லாச்சியெண்டாலும் இருக்கு," என்றா. "எங்களுக்கு ஒரு சட்டை மிஞ்சேல்லை."

அன்றே மாமாவின் படத்தைச் சப்பாத்துத் தட்டுக்கு மேலிருந்து கழற்றி அலுமாரியின் மேலே வைத்தா. பொட்டில்லாமல்தான். கீழே கதவில் பொட்டு, மேலே படத்தின் கண்ணாடி வெறுமை. சுவாமி அறையிலிருந்து தீபத்தட்டோடு வரும்போது அம்மா அந்த இடத்தைச் சற்று விலத்திப் போவா. அப்படியே வருடங்கள் போயின. நான் மாமாவின் படத்து வயதைத் தாண்டினேன். சரஸ்வதி பூசைக்கு அம்மா தவறாமல் பட்டறைக்கு வந்தா. மரத்துக்கு வைப்பதில்லை, இரும்புக்கு மட்டும். "இதில வைக்கலாமோ?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டா. அப்படிக் கேட்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

போன பூசைக்குச் சில நாட்களுக்கு முன்னர் கிழவரின் மகள் தொலைபேசி எடுத்தார். அந்த அலுமாரி யாரிடம் போனது, ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றதும் விலாசம் கேட்டார். பூசையன்று பின்னேரம், நாங்கள் பட்டறையிலிருந்து திரும்பிய கையோடு, ஒரு பூச்சாடியுடன் வந்தார். அம்மா பூசைக்காகச் சுட்ட வடையும் தேநீரும் வைத்தா.

"ரெண்டாவது வடையும் எடுத்திட்டா," என்று அப்பா தமிழில் எனக்குச் சொன்னார். "நல்ல மனுசிதான்."

அவர் அலுமாரிக்கு முன்னால் மண்டியிட்டார். கதவைத் தடவினார். பொட்டில் விரல் நின்றபோது நான் சொன்னேன், அம்மா வைத்தது என்று. தலையாட்டினார். பிறகு லாச்சியை இழுத்து, அன்றுபோலவே முகத்தை உள்ளே வைத்தார். நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "இப்போது உங்கள் வீட்டு மணம்," என்றார் ஜெர்மனில். குறை சொல்லும் குரலாக இல்லை. எழும்பும்போது மேலே இருந்த படத்தைக் கண்டார்.

"யார் இவர்? உங்கள் மகனைப் போலவே இருக்கிறார்."

"என் தம்பி," என்றா அம்மா. அம்மாவுக்குத் தெரிந்தது வேலையிடத்து ஜெர்மன்தான்.

"அவரும் சுவிஸிலா?"

நான் பதிலைப் பொறுப்பெடுக்க வாயைத் திறந்தேன். எங்களுக்கு அது பழக்கம். அங்கே இருக்கிறார், தொடர்பு இல்லை என்று ஏதாவது சொல்லி முடிப்போம்.

"கெஸ்டோர்பன்," என்றா அம்மா.

இறந்துவிட்டார். இல்லத்தில் காலையில் ஓர் அறைக் கட்டில் வெறுமையாக இருந்தால் தாதி சொல்லும் சொல். அம்மா அதை எத்தனையோ தடவை கேட்டிருப்பா, பிறகு அந்த அறையைத் துடைத்திருப்பா. தமிழில் அந்தச் சொல்லை அம்மா மாமாவுக்குச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அப்பா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்போது?"

"இரண்டாயிரத்து ஒன்பதில். போரில்."

அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்தார். பிறகு, அலுமாரி இங்கேயே இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிப் புறப்பட்டார். நான் கீழே கதவு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா அலுமாரியின் முன்னால் நின்றா. பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணம் கையில். மிச்சச் சந்தனம் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. இரண்டு துளி தண்ணீர் விட்டுக் குழைத்தா. மோதிரவிரலில் எடுத்தா. அப்பா சுவரோடு ஒதுங்கி நின்றார்.

மாமாவின் நெற்றிக்கு மேலே, கண்ணாடியில், விரல் கொஞ்ச நேரம் அழுத்தியபடி இருந்தது. எடுத்தபோது சந்தனம் ஒரு பக்கம் வழிந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம் வைத்தா.

பிறகு என் பக்கம் திரும்பினா. பட்டறையில் கேட்கும் அதே குரல்.

"தம்பி, கண்ணாடியில கறை பிடிக்குமோ?"

"இல்லையம்மா. துடைச்சாப் போயிடும்."

"துடைக்காத," என்றா.