மெழுகில் எடுத்த அச்சு

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு ஊர்களில் மிளகு பறிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் மாதம்மாளின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் மரத்தின் பாதிவரை ஏறி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கீழே நிற்பவர்களோடு வம்பளந்தபடியே பறிப்பாள். இரண்டாயிரமாவது வருஷத்துத் தை மாதம் ஏணி வழுக்கியது. எலும்பு முறியவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. கட்டியவன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. மரவள்ளிக் காடும் மிளகுக் கொடியும் அவள் கையை நம்பித்தான் இருந்தன.

மிளகு வாங்க வாரச் சந்தைக்கு வரும் அர்த்தனாரி அவளுக்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி ஓடிப்போயிற்று. தெய்வம் மாதிரி ஆள் என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்தத் தெய்வம் அட்டையோடு மாத்திரை தருவதில்லை. மலைக்குக் கீழேயே அட்டையிலிருந்து பிதுக்கி, ஒரு பவுடர் டப்பாவில் கொட்டிக்கொண்டு வருவான். மிளகைத் தனக்கே விலைக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு எண்ணிக் கொடுப்பான்.

ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஒரு வாரம் அவன் வரவில்லை. மாதம்மாளுக்குக் கைகால் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, வயிறு புரட்டியது. இடுப்பு வலியே தேவலை என்றிருந்தது. அடுத்த சந்தையில் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த மாத்திரைக்குப் பேரு என்னுங்க?"

"பேரத் தெரிஞ்சு என்ன பண்ணப்போற? புள்ளைக்கு வெக்கப்போறியா? வலி நிக்குதா இல்லையா, அதச் சொல்லு."

பெயர் தெரிந்தால் அவள் கடையில் வாங்கிக்கொள்வாள், மிளகை இஷ்டப்பட்டவனுக்குப் போடுவாள். அது அவனுக்குத் தெரியாதா?

மாத்திரையின் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. ஒன்றை மடியில் முடிந்துகொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். பஸ் வருவதற்குள் முடிச்சை அவிழ்த்து விழுங்கிவிட்டாள். இன்னொரு நாளும் அதே கதை. அதற்கடுத்த தடவை தேன்மெழுகை அடுப்பருகே வைத்து இளக்கி, மாத்திரையை இரண்டு பக்கமும் அழுத்தி அச்சு எடுத்தாள். மெழுகை மடியில் கட்டினாள், மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

மருந்துக்கடையில் சுமித்ரா என்ற பெண் இருந்தாள். மெழுகில் எழுத்து திரும்பி விழுந்திருந்தது. கைக்கண்ணாடியில் காட்டிப் படித்தாள். முகம் மாறியது. பெயரைச் சொன்னாள்.

"இது ஆபரேஷன் பண்ணுனவங்களுக்குக் கொஞ்ச நாளைக்குக் குடுக்கறதுங்கக்கா. டாக்டர் சீட்டு இல்லாம நாங்க தரக்கூடாது. பழகிருச்சுன்னா லேசுல விடாதுங்க."

"அப்ப இன்னிக்கே நிறுத்திப்போடறனுங்க."

"ஒரேயடியா நிறுத்தாதீங்க. டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கோணும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க." மெழுகைத் திருப்பிக் கொடுத்தபடி கேட்டாள்: "இத்தன பாடுபட்டதுக்கு ஒரு மாத்திரையவே கொண்டாந்திருக்கலாமில்லீங்க?"

மாதம்மாளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கையில நிக்கலீங்க."



பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, மறந்துவிடக் கூடாதென்று அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவது என்றுதான் இருந்தாள். ஆனால் நாளைக்குச் சந்தை. வீட்டில் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

விடிந்ததும் மிளகுச் சாக்கோடு அர்த்தனாரியின் முன்னால் நின்றாள். அவன் டப்பாவைத் திறந்தான். அவன் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடியைச் சாத்தப் போனவன், அவள் கையைப் பார்த்தான். அது ஏற்கெனவே நீண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே எண்ணிப் போட்டான்.