அடுப்புச் சாம்பலை எங்கே கொட்டினீர்கள்?

தீப்பிடித்த கடையையும் இடிந்து விழுந்த வீட்டையும் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, எதனால் வந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவருக்கு சர்வேயர் என்று பெயர். கிராமத்துப் பக்கம் போய் இந்தப் பெயரைச் சொன்னால் நிலம் அளக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வரப்புத் தகராறைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இருபது வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். முழங்கால் மக்கர் செய்ததால் இப்போது திண்டுக்கல்லில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வகுப்பு. அந்த முறை ஐந்து பேர். போர்டில் எழுதி எழுதி எனக்கே கொட்டாவி வந்தது. எரிந்த இடத்தை மூக்கால் பார்க்காதவன் சர்வேயரே இல்லை என்று ஒருநாள் பெருமையாகச் சொல்லிவைத்தேன். சொல்லிவிட்டோமே என்று ஏற்பாடும் செய்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் தகர ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் ஒரு பொய்க் கடையை வைத்தோம். கால் உடைந்த மேஜை, ஓடாத ஃபேன், அழுகிய சின்ன வெங்காயம் இரண்டு மூட்டை, என்னுடைய பழைய சட்டைகள். இதைக் கொளுத்தி, அணைத்து, ஆறவிட்டு, ஐந்து பேரும் நோட்டோடு உள்ளே போய் என்ன எரிந்தது, எப்படி எரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடி மாதம். நிற்கிற ஆளையே நாலடி தள்ளி நிறுத்துகிற காற்று. தண்ணீருக்கு இரண்டு வாளி, மீதிக்கு மோட்டார் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். தீ வைத்த பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. 'போதிய கவனம் எடுக்கப்படவில்லை' என்று எத்தனை பேரைப் பற்றி எழுதியிருப்பேன். அந்தப் பேனாவை அன்றைக்கும் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன்.

எரிகிற துணி ஒன்று கிளம்பி, வேலியைத் தாண்டி, கிழக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கிவைத்திருந்த சோளத்தட்டைப் போரின் உச்சியில் போய் உட்கார்ந்தது. என் நீலச் சட்டையின் கை அது. போர் குப்பென்று பிடித்துக்கொண்டது.

தீ என்றால் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய், பிறகு உயிர்களை அப்புறப்படுத்து. இது என் முதல் வகுப்புப் பாடம். நான் முதலில் செய்தது, எங்கள் வேனுக்கு ஓடிப்போய்க் கண்ணாடிகளை ஏற்றியது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அதற்குள் என் மாணவர்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், அங்கே கட்டியிருந்த இரண்டு பசுக்களை அவிழ்த்து ஓட்டியிருந்தார்கள். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியும் கடைசியில் கறுப்பாக ஒரு மேடுதான் மிஞ்சியது. எங்கள் ஷெட்டுக்குள் இருந்தது அதற்குள் தானாக எரிந்து அடங்கியிருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தகரம்தான்.

அப்போதுதான் தோட்டத்துக்காரப் பெண் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு மொபெட்டில் வந்து இறங்கினாள். போரைப் பார்த்தாள், மாடுகளை எண்ணினாள், கரி பூசிய எங்கள் ஆறு பேரையும் பார்த்தாள். நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வழியில போனவுக இறங்கி வந்து மாட்டக் காப்பாத்திருக்கீகளேண்ணே."

இந்த இடத்தில் ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். வாயைத் திறந்தேன். பயத்தில் நாக்கு, இருபது வருஷம் பழகிய தடத்திலேயே போனது.

"ஏம்மா, காலையில அடுப்புச் சாம்பல எங்க கொட்டுனீங்க?"

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். குப்பைக்குழி போருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"நாந்தேன் கொட்டுனேன். ஆறிருச்சுன்னு நெனச்சேன்ணே." தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்க்கிறானாம். மழை பெய்து புல் முளைக்கிறவரை மாட்டுக்கு அம்புட்டும் அந்தத் தட்டைதானாம், அவனிடம் என்னவென்று சொல்வேன் என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "பாத்துக் கொட்டியிருக்கணும்மா" என்றேன்.

அவள் எங்கள் ஆறு பேருக்கும் மோர் கொடுத்தாள். நான் இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

திரும்புகிற வேனில், என் மாணவர்களில் பழனிக்காரம்மா ஒருத்தர், முன்னால் லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்தவர், திண்டுக்கல் நெருங்கும்போது வாயைத் திறந்தார். "ஏனுங்க சார், கேள்வி நல்லாத்தானுங்க கேட்டீங்க."

மறுநாள் ஐந்து பேரும் அறிக்கை கொடுத்தார்கள். பொய்க் கடையைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாரும் தட்டைப் போரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நான்கு பேர் எழுதிய காரணம், அடுப்புச் சாம்பல். ஆதாரம், உரிமையாளரின் சொந்த வாக்குமூலம். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, ஒரு பிசிறு இல்லாமல். பழனிக்காரம்மா மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'காற்று வந்த திசை மேற்கு. மேற்கே நின்றவர் எங்கள் சார்.' யாருக்கும் என்னால் மார்க் போட முடியவில்லை.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். யாரோடு பேசுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள், இன்சூரன்ஸ் விஷயம் என்றேன். நாலாம் நாள் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு மினி லாரி நிறையச் சோளத்தட்டை வாங்கி ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் புதிதாக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ தர்மவான்கள் அனுப்பியது என்று சொல்லி இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம்.

போனபோது அவள் குப்பைக்குழி ஓரம் குத்தவைத்திருந்தாள். சாம்பலைக் கொட்டி, மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, கையை விட்டுக் கிளறி, எங்காவது சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுவரை சாம்பல். தயார் செய்த பொய் அங்கேயே செத்தது.

சொன்னேன். ஷெட், காற்று, நீலச் சட்டை, எல்லாம்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழியிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"அப்ப அன்னைக்கு எதுக்கு சார் என்னயக் கேட்டீங்க?"

முதல் நாள் நான் அண்ணன், இன்றைக்கு சார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அவரு நாலு நாளா எங்கூட மொகங்குடுத்துப் பேசல. நீங்களே சொல்லுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு என் வாய்க்கு நேராக நீட்டினாள். அந்தப் பக்கம் மில் இரைச்சல். தீ என்னால்தான் பிடித்தது என்று மரியாதையான குரலில் சொன்னேன்.

"யாரு? கேக்கல, மிசினு ஓடுது."

"நாந்தாங்க. தீ வச்சது நாந்தான்" என்று கத்தினேன். லாரிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த டிரைவர் கையை நிறுத்தினார். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். போனில் இரைச்சல் சட்டென்று குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் போனை இறக்கவில்லை.

"இன்னும் கேக்கலையாம் சார்" என்றாள்.

இன்னொரு தடவை கத்தினேன்.