கறுப்புத் திரையில் ஓடிய தூக்கம்

இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் வேலை பார்த்தேன். நோயாளிகளின் தலையில் பசை தொட்டு வயர்களை ஒட்டி, விளக்கை அணைத்து, தூங்கச் சொல்வேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏசியின் முனகலில் முன்பின் தெரியாதவர்கள் தூங்குவார்கள். அவர்களுடைய மூளையின் அலைகள் கோடுகோடாகத் திரையில் ஊர்ந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் கண் செருகும்.

பதிவுகள் எல்லாம் பெயருக்குப் பதில் வெறும் எண்களாகக் கம்ப்யூட்டரில் குவிந்தன. பழையதைத் தேட ஒவ்வொன்றாகத் திறந்து காத்திருக்க வேண்டும். கல்லூரியில் படித்த புரோகிராமிங் கொஞ்சம் மிச்சமிருந்தது. மத்தியான நேரங்களில் உட்கார்ந்து சின்னதாக ஒன்று எழுதினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பதிவுக்குள் இருக்கும் பெயரும் வயதும் வரும். கேட்ட நிமிடத்திலிருந்து பத்து நொடி அலை ஓடும். இன்னொரு வரி தட்டினால் பதிவு உரிய பெயரில் போய் உட்காரும்.

அது தயாரான வாரம், பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் ஓர் அக்கா வந்தார்.

“பிரஷ்ஷு கையிலயே இருக்குது. நான் மட்டும் எங்கயோ போயிட்டு வரேன். கனா காணுறேன்னு சூப்பர்வைசரு திட்டுறாரு.”

முந்தைய வருடமே பதிவெடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தோம். அவருடைய எண்ணைத் தட்டினேன். உள்ளே ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர் வந்தது. சிறுமியின் எண்ணைத் தட்டினேன். அதில் அக்காவின் பெயர். இடப்பக்கக் கோடுகளில் மட்டும் வலிப்பைக் காட்டும் கூரான அலைகள். இரண்டுக்கும் எண் போட்டவள் நான்தான்.

மருத்துவரிடம் சொன்னேன். இரண்டு பதிவுகளையும் ஓட்டிப் பார்த்தார். பிறகு திட்டக்குடியிலிருந்த சிறுமியின் அப்பாவுக்கு அவரே போன் செய்தார். “தப்பு எங்களோடதுங்க. நாளைக்கே பாப்பாவக் கூட்டிட்டு வாங்க.” அவளுக்கு ஒரு வருடமாக வலிப்பு மாத்திரை கொடுத்து வந்தார்கள்.

அக்காவிடம் நானே சொன்னேன். “நம்பரை மாத்திப் போட்டது நான்தாங்க்கா.”

“அப்ப நான் கனா காணலதான?”

“இல்லக்கா.”

“அதை ஒரு பேப்பருல எழுதித் தரச் சொல்லும்மா.”

மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மருந்து பிடித்துக்கொண்டது. சில மாதங்களில், வேலைக்கு நடுவே கை நிற்பது அபூர்வமாகிவிட்டது என்றார் அக்கா.

சிறுமி மறுநாளே வந்து அதே கட்டிலில் தூங்கினாள். அவளுடைய அலைகள் சலனமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார் மருத்துவர். அவளுடைய அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.