ஏழரைச் சனியின் மிச்சம்

தொண்டை வைத்தியரைக் கண்டால் ஜனங்கள் வாயைத் திறப்பார்கள். மனநோயை ஆராய வந்த டாக்டரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிய எனக்கு இது தெரியும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எதிர்க் கடையில் கேளுங்கள்

சித்தம் கலங்கியவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், நோய் எப்படித் தொடங்கியது என்று விசாரிப்பதுதான் என் ஆராய்ச்சி. தேனி பஜாரில் ஒரு பருத்தி வியாபாரியிடம் கேட்டேன். தன் வீட்டில் யாரும் இல்லை, எதிர்க் கடைக்காரர் வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார். எதிர்க் கடைக்காரர் இவர் வீட்டைக் கை காட்டினார். எரிச்சலோடு கிளம்பினால், வியாபாரி பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீக. எம் மகளைப் பொண்ணு பாக்க வர்றாக."

தொழுவத்தில் ஒரு மனிதர்

குச்சனூருக்குப் பக்கத்து ஊரில் முத்தையா என்பவரை மாட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். மாட்டுக்குக் கயிறு, அவருக்குச் சங்கிலி. கணுக்காலில் சீழ் பிடித்த புண். என்னைப் பார்த்துத் தண்ணீர் மட்டும் கேட்டார்.

அவருடைய அண்ணன் சுப்பையா கெட்டவர் அல்ல. எனக்கு மோர் கொடுத்து உபசரித்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் கால் போய்விடும், அப்புறம் உயிரும் போய்விடும் என்றேன். தம்பிக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இன்னும் இரண்டு வருஷத்தில் சனி விலகினால் புத்தி தானாகத் தெளியும் என்றார். அதற்கு முன்பே நான் தெளிய வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன்.

"நீங்க குணமாக்கிட்டுப் போயிருவீக. மிச்ச ரெண்டு வருசத்த எங்க வீட்டுல யாரு அனுபவிக்கிறது?"

என் ராசி

அடுத்த முறை போனபோது புண் எலும்பைத் தொட்டிருந்தது. பொறுமை போய்விட்டது. மிச்சத்தை என் தலையில் போட்டுவிட்டு ஆளை அவிழ்த்து விடுங்கள் என்று கத்தினேன்.

ஆத்திரத்தில் சொன்னதைச் சுப்பையா நிஜமாகவே எடுத்துக்கொண்டார். கையோடு என்னைக் குச்சனூருக்கு இழுத்துப்போய், சனீஸ்வரன் சந்நிதியில் எள் விளக்கு ஏற்றவைத்து, மிச்சத்தை நான் ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவைத்தார். திரும்பி வந்ததும் சங்கிலியைக் கழற்றினார். தம்பியை வண்டியில் தூக்கி உட்காரவைத்த பிறகுதான் என் ராசியைக் கேட்டார். ரிஷபம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ரிசபத்துக்கு இப்பத்தான ஏழரை தொடங்கியிருக்கு. ரெண்டையும் சேத்துத் தாங்குவீகளா, டாக்டரய்யா?"

முத்தையா பிழைத்து, தெளிந்து, தன் காலாலேயே நடந்து ஊருக்குள் வந்த பிறகு அந்தப் பக்கத்துச் சங்கிலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. என் தலையில் எத்தனை பேருடைய சனி உட்கார்ந்திருக்கிறது என்பது அந்தச் சனீஸ்வரனுக்கே தெரியாது.